நாப்போலிக்குப் போன தம்பதி

"குனியும்! இன்னும் குனியும்!"

இத்தாலியின் பலேர்மோ நகரத்தில், பொலிதேயாமாச் சதுக்கத்துப் பத்திரிகைக் கடைக்குப் பின்னால், கஜானன் மனைவியின் தோளைப் பிடித்து அமுக்கினான். கலியாணமாகி ஒரு கிழமைகூட ஆகாத குகனேஸ்வரி சிவப்புப் பட்டுச் சேலையோடு குந்தினாள்.

"ஆர் வருகினம்?"

"இராஜநாயகம் அண்ணை. கண்டாரெண்டால் மத்தியானச் சாப்பாடு அவரின்ரை வீட்டிலதான்."

பலேர்மோத் தமிழர் புதுமணத் தம்பதிகளைச் சும்மா விடுவதில்லை. வீட்டுக்கு வீடு கூப்பிட்டு, புட்டும் ஆட்டுக்கறியும் போட்டு, தங்கள் கலியாண வீடியோவை முழுதாகக் காட்டித்தான் அனுப்புவார்கள். அதற்குப் பயந்த கஜானன், "ஹனிமூனுக்குக் கப்பலேறி நாப்போலி போறம்" என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தான். போக லீவு எங்கே? விடிந்தால் அவன் ஒரு சிஞ்ஞோரா வீட்டிலும் அவள் இன்னொரு சிஞ்ஞோரா வீட்டிலுமாக, இத்தாலிய எசமானிகளிடம் தங்கி வேலை. பிறகு ஞாயிறுகளில்தான் சந்திப்பு. இந்த ஒரு நாள் மட்டும் தங்கள் இருவருக்கும்தான் என்று அவன் முடிவெடுத்திருந்தான்.

எட்டிப் பார்த்தான். நல்லகாலம், இராஜநாயகம் சட்டென்று ஒரு மருந்துக்கடைக்குள் புகுந்துவிட்டார்.

"உம்மடை சீலைதான் காட்டிக் குடுக்குது."

அடையாளம் தெரியாமலிருக்கத் தான் போட்டிருந்த மழைக்கோட்டைக் கழற்றி அவளுக்கு மாட்டினான். கொளுத்துகிற வெயில். கோட்டும் அதற்குக் கீழே சரிகைக் கரையுமாக அவள் நடந்தபோது, அதுவரை பார்க்காத இத்தாலியர்களும் நின்று பார்த்தார்கள்.

"எல்லாரும் பாக்கினம்."

"அப்ப பெரிய றோட்டு வேண்டாம். சந்துக்குள்ளாலை போவம்."

சந்து நேரே போர்கோ வெக்கியோச் சந்தையில் கொண்டுபோய் விட்டது. கத்தரிக்காய்க் குவியலடியில் பிரசாந்தினி அக்கா! கஜானன் மனைவியை இழுத்துக்கொண்டு மீன்தட்டுக்குப் பின்னால் பாய்ந்தான். "என்ன வேணும்?" என்று மீன்காரன் சந்தை அதிரக் கத்தினான். அவன் வாயை மூடவைக்க, கஜானன் கைக்கு எட்டியதைக் காட்டி வாங்கினான்.

"ஹனிமூனுக்குக் கணவாயோ?" என்றாள் குகனேஸ்வரி, கனத்த பையைப் பார்த்து.

"சத்தம் போடாதையும்."

எழும்பிப் பார்த்தால் அக்காவைக் காணவில்லை. வாங்கிய கத்தரிக்காய் மட்டும் தராசுத் தட்டிலே கிடந்தது.

"இஞ்சேருங்கோ, ஒரு வீட்டிலை போய்ப் பேசாமல் சாப்பிடுவமே. கால் நோகுது."

"இல்லை. இண்டைக்கு உமக்குக் கடல் காட்டாமல் விடமாட்டன்."

"நான் பருத்தித்துறை. கடலைப் பாத்துத்தான் வளந்தனான்."

"இது வேறை கடல்!"

துறைமுகம் வரைக்கும் பை ஒழுகியது. பின்னால் பூனைகள் வந்தன. உண்மையான நாப்போலிக் கப்பல் புறப்படத் தயாராக நின்றது. ஒருவழியாக ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்கள். அவள் கோட்டைக் கழற்றிப்போட்டு, அவன் தோளில் தலை சாய்த்தாள். வேறை கடல்தான் என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

அப்போது தூரத்தில், கப்பல் துப்புரவு வேலை செய்கிற ஞானசேகரம் அண்ணை கூட்டுகிற தும்புத்தடியோடு வருவது தெரிந்தது.

"எழும்பும்! அந்தப் பெட்டியளுக்குப் பின்னாலை!"

மனைவி, கோட்டு, கணவாய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கஜானன் அடுக்கியிருந்த மரப்பெட்டிகளின் மறைவில் பாய்ந்தான். அங்கே அவர்களுக்கு முன்பே மறுபக்கத்தால் ஓடிவந்த ஒருவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். ஞானசேகரம் அண்ணை.

அவர் இருவரையும் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

"தம்பி, நீங்கள் நாப்போலி போகேல்லையெண்டு நேற்றே எங்களுக்குத் தெரியும். பாவம், ஒரு நாளெண்டாலும் தனியத் திரியட்டும், கண்டால் ஓடி ஒளியுங்கோ எண்டு இராஜநாயகம் அண்ணை வீடு வீடாச் சொல்லிவிட்டவர். நாங்கள் ஒளிக்கிற இடத்துக்கே நீங்களும் வந்தால், நாங்கள் எங்கையடாப்பா போறது?"