லாட்ஜ் முதலாளிக்குத் தலையணை உறை

இதை நான் சரியாகச் சொல்லி முடிப்பேனா என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு நின்றவள். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லிவிடுவேன். ஆனால் என் வீட்டுக்காரர் சொன்னால் தனக்குச் சாதகமாகத்தான் சொல்வார். அதனால் நானே சொல்கிறேன்.

நான் தலையணை உறை தைத்து ஆன்லைனில் விற்கிறேன். கடையைத் திறந்து கொடுத்தது மகள். வாங்குகிறவர்கள் ஒரு லிங்கைத் தொட்டுப் பணம் கட்டுவார்கள். கட்டியதும் என் போனில் ‘டிங்’ என்று மெசேஜ் வரும்.

“பணம் கட்டிட்டேன்னு யார் படம் அனுப்பினாலும் நம்பாதேம்மா. டிங்னு வந்தாத்தான் பார்சல். ரகசிய நம்பரைக் கடவுளே கேட்டாலும் சொல்லாதே” என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

அந்த டிங் மேல் எனக்கு அபார மரியாதை. முகம் தெரியாத யாரோ எங்கிருந்தோ கட்டுகிற பணம், வழியில் ஒரு கையும் படாமல், என் தையல் மெஷின் பக்கத்தில் வந்து இறங்குகிறதே!

வீட்டுக்காரருக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஆபீஸில் கம்ப்யூட்டரைக் கரைத்துக் குடித்தவர். ஓய்வு பெற்ற பிறகு கரைப்பதற்கு ஒன்றும் இல்லை.

“நீ எலிச் சத்தத்துக்கே கட்டில் மேல ஏறுறவ. உன்னை எவனாவது ஏமாத்திடுவான். கடை போனை என்கிட்ட குடு.”

“ஏமாந்தா குடுக்கறேங்க.”

“பேச்சு மாறமாட்டியே?”

“மாறமாட்டேன்.”

சொல்லிவிட்டேன். ஆனால் என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ள இருந்தது அந்தக் கடை ஒன்றுதான்.

மறுநாள் முடி வெட்டிக்கொள்ளப் போவதாகக் கிளம்பினார். தலையில் வெட்டுவதற்கு என்ன மிச்சம் என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் புது நம்பரிலிருந்து போன். தொண்டையில் கூழாங்கல் உருளுகிற மாதிரி ஒரு குரல்.

“லாட்ஜ் முதலாளி பேசறேன். பத்து உறை வேணும். பணம் போட்டாச்சு, படம் அனுப்பியிருக்கேன் பாரும்மா.”

“படம் லட்சணமா இருக்குங்கய்யா. பணம்தான் வரலை.”

“நெட்வொர்க் கோளாறு. பார்சலை அனுப்பு, பணம் பின்னாலேயே வரும்.”

“பணம் வரட்டுங்கய்யா, பார்சல் பின்னாலேயே வரும்.”

“சரி, உன் போனுக்கு ஒரு நம்பர் வரும். அதைச் சொல்லு, நானே சரி பண்றேன்.”

“ஐயோ, எங்க வீட்டுக்காரர் கொன்னுடுவாருங்க!”

குரல் இளகியது. “அவர் ரொம்ப விவரமானவரோ?”

“அவரா? தங்கமான மனுஷங்க.”

“விவரமானவரான்னு கேட்டேன்!”

“அதான் தங்கம்னு சொன்னேனேங்க.”

லைன் பட்டென்று அறுந்தது. திருடனே வீட்டுக்குள் வந்து போன மாதிரி இருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தேன்.

டிங்.

நிஜப் பணம்! ஒரு தடவை ஒழுங்காகக் கட்டி நம்ப வைப்பது, அடுத்த தடவை கவிழ்ப்பது என்று திட்டம் போலிருக்கிறது. ஆனால் மெசேஜில் பணம் கட்டியவர் பெயரும் வரும். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த அதே பெயர், அதே இனிஷியல். புது சிம் வாங்கத் தெரிந்த மூளைக்கு, பணம் பழைய கணக்கிலிருந்துதான் போகும் என்பது தோன்றவில்லை. பாவம், அவருக்கும் எத்தனை வேலை!

மறுபடி போன். “அடுத்த ஆர்டர் இருபது. இந்தத் தடவையாவது படத்தை நம்பு.”

“மூணு தடவை லிங்க்ல கட்டினவங்களை நம்பறது எங்க கடை வழக்கங்கய்யா.”

அந்த வழக்கம் அப்போதுதான் பிறந்தது.

சும்மா சொல்லக் கூடாது, என்ன விடாமுயற்சி! மூன்று தடவையும் கட்டினார். பார்சலைத் தெருமுனை சலூனில் கொடுக்கச் சொன்னார். லாட்ஜுக்கு எதற்குச் சலூன் விலாசம் என்று நானும் கேட்கவில்லை. வாங்கிக்கொண்ட சலூன்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். வீட்டுக்காரரால் அவ்வளவு உறையை வீட்டுக்கும் கொண்டுவர முடியாதே! சலூன்காரர் எல்லா நாற்காலியிலும் தலை சாய்க்கும் இடத்தில் என் உறையை மாட்டிவிட்டார். ஷேவிங்குக்குச் சாய்ந்தவர்களெல்லாம் “எங்க வாங்கினே?” என்று கேட்டார்கள். டிங். டிங். டிங். மெஷினுக்கு எண்ணெய் விடக்கூட எனக்கு நேரமில்லை.

நாலாவது தடவை லாட்ஜ் முதலாளி ஆசையாகப் படம் அனுப்பினார்.

“மன்னிக்கணுங்கய்யா. கடை பெருசாயிடுச்சு. வழக்கம் மாறிடுச்சு.”

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் சுரத்தில்லாமல் வந்து உட்கார்ந்தார்.

“வியாபாரம் எப்படி?”

“ஒரு லாட்ஜ் முதலாளி புண்ணியத்துல அமோகங்க. மகராசன், நல்லா இருக்கணும்.”

“அவனை நம்பாதே. குரலே சரியில்லை. நம்பரை பிளாக் பண்ணிடு.”

“குரலை நீங்க எப்போங்க கேட்டீங்க?”

அவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அது ஓடவில்லை.

படித்தவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். எதற்கும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று, அவர் கண்ணெதிரிலேயே அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டேன். பணம் கட்டுகிற லிங்கை மட்டும் அவருக்காகத் திறந்தே வைத்திருக்கிறேன்.