பக்கத்து சீட் இல்லாத படகு

மாஸ்டர் படகு வாங்குவதென்று முடிவு செய்துவிட்டார். இனி யார் தடுத்தாலும் நிற்கமாட்டார். டிரைவிங் ஸ்கூல் நடத்துவதால் தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். வீட்டில் மட்டும் அந்தப் பட்டம் செல்லாது.

வாரம் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பிழைப்பு நடத்துகிறவர் அவர். பிரேக் என்றால் ஆக்சிலேட்டரை மிதிக்கிறவர்களோடு மல்லுக்கட்டிவிட்டு, லீவு நாளில் சோபாவில் சாய்ந்தால், பக்கத்தில் மாமனார் வந்து உட்கார்ந்துகொள்வார். மாமனார் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு முறை சொன்னால்தான் அவருக்குச் சொன்ன திருப்தி வரும்.

"மாப்பிள்ளை, காபி ஆறுது. காபி ஆறுது."

மாஸ்டரும் இரண்டு முறை தலையாட்ட வேண்டும்.

அதனால்தான் படகு. ஊருக்கு வெளியே பெரிய ஏரி இருக்கிறது. கையில் ஒரு தூண்டில். பக்கத்தில் ஒரு ஜீவன் இருக்கக் கூடாது. இதைத் தவிர வாழ்க்கையில் அவருக்கு வேறு ஆசையே மிச்சமில்லை.

மனைவி சண்டைக்கு வருவாள் என்று பதில்களையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அவள் முன்னறையில் தையல் மெஷினில் குனிந்திருந்தாள். மெஷினுக்கு அந்தப் பக்கம் அவளுடைய அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து, நூல் தீரப்போகிறது என்பதை இரண்டாம் முறையாக அறிவித்துக்கொண்டிருந்தார்.

"வாங்குங்களேன்," என்றாள், வாயில் குண்டூசியோடு. "நானும் கடைக்கு வரேன்."

மனப்பாடம் செய்ததெல்லாம் வீணாய்ப் போனதில் மாஸ்டருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கடைக்காரர் முதலில் காட்டியது அடி தட்டையான படகு. லேசில் ஆடாது, நின்றுகொண்டே தூண்டில் வீசலாம், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்லது கிடையாது, மூன்று பேர் தாராளமாக உட்காரலாம் என்றார். மூன்று பேர் என்றதும் மாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. நிறம் பிடிக்கவில்லை என்றார். அடுத்தது காற்றடிக்கும் ரப்பர் படகு. மடித்துக் காரில் போட்டுக்கொள்ளலாம், இரண்டு பேர் போகலாம். தூண்டில் முள் குத்தினால் நாங்கள் நீந்தியா வருவது என்று மாஸ்டர் ஒரு பிடி பிடித்தார். மோட்டார் படகு போடுகிற சத்தத்தில் மீன் ஓடிவிடும், மாமனார் ஓடமாட்டார். ஆகவே அதுவும் வேண்டாம்.

அப்போதுதான் கூரையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த கயாக் கண்ணில் பட்டது. நீளமான ஒல்லிப் படகு. நடுவில் ஒரே ஒரு குழி. ஒரே ஒரு ஆள் அதில் இடுப்புவரை இறங்கிக் காலை நீட்டி உட்கார வேண்டும். மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இடுப்பளவு பார்த்து வாங்கணும் சார். பெரிய சைஸும் இருக்கு," என்றார் கடைக்காரர், அவர் தொப்பையிடம்.

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அவருக்கு இருப்பதே ஒரே ஒரு கர்வம். கல்யாணத்துக்குத் தைத்த பேண்ட்டை இன்றைக்கும் மூச்சைப் பிடிக்காமல் போடுகிறார். பின்பக்கத் தையல் ஓரத்தில் மட்டும் துணி கொஞ்சம் புதுசாகத் தெரியும். நல்ல துணி, அங்கே சாயம் போகவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

"முப்பத்திரண்டு," என்றார், நெஞ்சை நிமிர்த்தி.

கடைக்காரர் நம்பாமல் அவர் மனைவியைப் பார்த்தார்.

"நான்தானே தைக்கிறேன், இவர் அளவு எனக்குத் தெரியாதா? சின்ன சைஸே குடுங்கண்ணா."

கீழே இறக்குகிறேன், ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிடுங்கள் என்று கடைக்காரர் கெஞ்சினார். உட்கார்ந்து பார்த்தால் கர்வத்துக்கு என்ன மரியாதை? மாஸ்டர் மறுத்துவிட்டார்.

மனைவியின் மேல் அவருக்குப் பிரியம் பொங்கியது. இத்தனை வருஷம் இவளைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று உருகினார். அவளானால் துடுப்பை எப்படிப் பிடிப்பது, எப்படித் திருப்புவது என்று கடைக்காரரிடம் விவரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நீங்கள் மறந்தால் நான் சொல்லித்தர வேண்டாமா என்றாள். போட்டுக்கொள்ள மிதவைச் சட்டை ஒன்றையும் அவளே எடுத்தாள். பார்வைக்கே அது மாஸ்டருக்கு இறுக்கம். போடப் போடச் சரியாகிவிடும் என்றாள். வீட்டுக்கு வந்ததும் தூண்டில் முள்ளை நைலான் நரம்பில் கட்டத் தெரியாமல் அவர் தவித்தபோது, வாங்கி ஒரு நொடியில் முடிச்சுப் போட்டும் கொடுத்தாள்.

லீவு நாள் வந்தது. வழியனுப்ப மாமனாரும் ஏரிக்கு வந்திருந்தார். மனைவி கரையில் இரண்டு மடக்கு நாற்காலிகளை விரித்துப் போட்டாள். ஒன்று அவள் அப்பாவுக்கு, இன்னொன்று அவளுக்கு என்று மாஸ்டர் கணக்குப் போட்டுக்கொண்டார். பாவம், இனி வாராவாரம் இவள் பாடுதான் திண்டாட்டம் என்று இரக்கம்கூட வந்தது.

முழங்கால் தண்ணீரில் நின்று குழிக்குள் இறங்கினார். கால் போனது. தொடை போனது. அதற்குமேல் போகவில்லை. மூச்சை அடக்கிப் பார்த்தார். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். கடவுளைக் கூப்பிட்டுப் பார்த்தார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து அவரைத் தண்ணீரில் உட்கார வைத்தது.

"படகு புறப்படத் தாமதமாகும். படகு புறப்படத் தாமதமாகும்," என்றார் மாமனார்.

படகிலேயே ஏதோ கோளாறு என்றார் மாஸ்டர். இருக்கும், நான் பார்க்கிறேன் என்று மனைவி மிதவைச் சட்டையை மாட்டினாள். கச்சிதமாக இருந்தது. குழிக்குள் இறங்கினாள். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கிவிட்டாள். தூண்டிலை மடியில் வைத்துக்கொண்டு துடுப்பை ஒரு வீசு வீசினாள். படகு கரையை விட்டு அழகாக நகர்ந்தது.

காலி நாற்காலியை மாமனார் தட்டிக் காட்டினார். "உட்காருங்க மாப்பிள்ளை. உட்காருங்க மாப்பிள்ளை."

மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. "ஏம்மா, என் அளவு தெரியும்னு சொன்னியே?" என்று ஏரிக்கே கேட்கும்படி கத்தினார்.

"தெரியும்ங்க," என்றாள் அவள், திரும்பாமலே. "பேண்ட்டுன்னா வருஷா வருஷம் உங்களுக்குத் தெரியாம பிரிச்சுத் தைச்சுடுறேன். படகை எப்படிங்க பிரிக்கிறது?"