பைத்தானுக்கு வெள்ளைப் பூ, பி.எச்.பி.க்குச் சிவப்புப் பூ

எருத்தேன்பதி,
ஞாயிற்றுக்கிழமை.

பெங்களூரில் இருக்கும் மாப்பிள்ளை ரமேஷ்குமார் அவர்களுக்கு, மாமனார் ஆறுமுகசாமி எழுதுவது. நீங்களும் நர்மதாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகமாக இருப்பவை கறவை மாடுகள் மட்டுந்தான். போனில் பேசினால் வீட்டில் எல்லோர் காதிலும் விழும் என்பதால் கடிதம்.

நம் பண்ணையில் இரண்டாயிரம் தென்னங்கன்று விற்காமல் நிற்கிறது. வைகாசி பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழையும் பிடித்தாயிற்று. இந்த மாதத்துக்குள் போகாவிட்டால் வேர் பையைக் கிழித்துக்கொண்டு மண்ணில் இறங்கிவிடும், அப்புறம் எருக்குழிக்குத்தான் ஆகும். ஒரு வருஷம் தண்ணீர் ஊற்றியவன் நான், வயிறு எரிகிறது. வெப்சைட் போட்டு விற்றுத் தருகிறோம் என்று உங்கள் மச்சான் லோகேஷும் என் மருமகள் செல்வப்பிரியாவும் கிளம்பினார்கள். இருவரும் கம்ப்யூட்டர் படித்தவர்கள் ஆயிற்றே, நாலு நாளில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். நாற்பது நாளாகியும் எந்தக் கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவது என்றே முடிவாகவில்லை. "பி.எச்.பி.ங்க மாமா, எந்த சர்வர்லயும் ஓடுமுங்க, ஏத்தறதும் சுலபமுங்க" என்கிறாள் அவள். "பைத்தான்ல ஜாங்கோ போட்டா ஆர்டர் பாக்கற பக்கமெல்லாம் அதுவே செஞ்சு குடுத்துருமப்பா, பி.எச்.பி. பழைய கதை" என்கிறான் இவன். பழைய கதை என்ற சொல்லுக்கு அவள் டம்ளரை வைத்த வேகத்தில் காப்பி முழுவதும் என் வேட்டியில். இந்த நேரம் பார்த்து நீங்கள் போன் செய்து, "ரெண்டும் வேண்டாங்க மாமா, நோட் ஜே.எஸ். போடுங்க, பிரவுசர்லயும் சர்வர்லயும் ஒரே ஜாவாஸ்கிரிப்ட்டுதானுங்க" என்று கொளுத்திப் போட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். உங்களுக்கென்ன!

வேறு வழியில்லாமல் வெள்ளிக்கிழமை மாரியம்மனிடம் பூக் கேட்கப் போனேன். "ஏனுங்க, கல்யாணத்துக்குங்களா, கெணத்துக்குங்களா?" என்றார் பூசாரி. "தென்னங்கன்னு விக்கோணுங்க, அதுக்கு ஒரு பாஷைங்க" என்றேன். "நம்ம எல்லையூருக்குத் தமிழும் மலையாளமும் பத்தலீங்களா?" என்றார். வெள்ளை பைத்தானுக்கு, சிவப்பு பி.எச்.பி.க்கு என்று நினைத்துக்கொண்டு இரண்டு பூப்பொட்டலத்தை அம்மன் முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொன்னேன். சிவப்புதான் வந்தது. அதோடு முடிந்ததா? "நோடுக்குப் பொட்டலமே வெக்கல, இது செல்லாதுப்பா" என்று மகன் எகிறுகிறான். மருமகளோ, "பி.எச்.பி.ன்னு அம்மன் சொல்லிருச்சுங்க மாமா, ஆனா அதுலயே லாராவெல்லுங்கற வகையா, சும்மா பி.எச்.பி.யான்னு இன்னொருக்கா பூக் கேட்டுட்டு வாங்க" என்கிறாள். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

அதனால் நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, ஏதாவது ஒரு மொழியைச் சொல்லி இந்தச் சண்டையை முடித்துவையுங்கள். உங்கள் இருவருக்கும் அம்மன் ஒரு குறையும் வைக்க மாட்டாள். எனக்குத்தான் மொத்தமாக வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஆறுமுகசாமி

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்குள் கதையே மாறிவிட்டது. நான் சொன்னதில் பூசாரிக்குத் தென்னங்கன்று மட்டும் புரிந்திருக்கிறது. ஆறுமுகசாமி கன்றுக்கு அம்மனே உத்தரவு கொடுத்தாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பக்கத்து ஊர் பெருமாட்டியிலிருந்து மட்டும் மூன்று வண்டி வந்தது. ஒரு கன்றுகூட மிச்சமில்லை. ஆகவே நமக்கு வெப்சைட் வேண்டாம். ஆனால் கோயிலில் கூட்டம் தாங்கவில்லை, பூக் கேட்க முன்பதிவு செய்ய ஒரு வெப்சைட் வேண்டும் என்று பூசாரி வந்து நிற்கிறார். மகனும் மருமகளும் ஒன்றாக வாயைத் திறந்தார்கள். சண்டை வேண்டாமே என்று நான் முந்திக்கொண்டு "நோட்" என்றேன். இப்போது அவர்கள் இருவரும் ராசி, என்னோடுதான் பேசுவதில்லை. பூசாரியிடம் உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டேன்.