காலி லோரி, முழு லோடு

அன்றைக்கு எனக்குக் கொடுத்த வேலை இதுதான்: தானா ராத்தா டவுனுக்குப் போக வேண்டும், ஒரு பெல்ட் வாங்க வேண்டும், திரும்பி வர வேண்டும்.

எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலைக் கொழுந்து உருட்டும் மெஷினின் பெல்ட் அறுந்துவிட்டது. காலையில் எடுத்த கொழுந்து மலையாகக் குவிந்து கிடந்தது. சாயங்காலத்துக்குள் மெஷின் ஓடாவிட்டால் அத்தனையும் குப்பைக்குப் போகும்.

"ஒரே ஒரு பெல்ட்டுதான் லா. போயிட்டு சுருக்கா வந்துடு, மணியம்," என்றார் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி.

நான் லோரி ஓட்ட வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. சனிக்கிழமை வந்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் தொழிலாளர் லயத்தில் தனி வீடு.

அதுவரை நானும் என் மனைவி சரோஜாவும் அவள் அண்ணன் வீட்டில். ஒரே அறை, எட்டுப் பேர். இரவில் என் தலை அறையிலும் கால்கள் அடுப்படியிலும் தூங்கின. காலையில் தேத்தண்ணி போட வரும் மச்சான் என் கால்களைத் தாண்டியபடியே கேட்பார்: "சனிக்கிழமைதானே மாப்ள? உறுதிதானே?"

உறுதிதான். ஒரே ஒரு சிக்கல். எனக்கு லோரியைப் பின்னால் எடுக்க வராது.

எங்கள் பக்கம் அதைக் கோஸ்தான் என்போம். கீழே சமதளத்தில் ஓட்டிப் பழகியபோது நன்றாகத்தான் கோஸ்தான் போட்டேன். லைசென்சும் வாங்கினேன். மலைக்கு வந்த பிறகு, முதல் வளைவில் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் ரோடு இல்லை. ஆகாயம்தான் இருந்தது! அன்றோடு சரி.

அதற்குப் பிறகு வட்டமடித்தே காலம் தள்ளினேன். பெல்ட் கடைக்கு எதிரே திரும்ப முடியாமல் தானா ராத்தாவையே ஒரு சுற்று சுற்றுவேன். நான் ஊரை ரசிப்பதாகக் கடைக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் எஸ்டேட் ரோட்டில் வட்டமடிக்க முடியாது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் ஒரு லோரி அகலத்துக்கு ரோடு. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும்.

அதற்கு ஒரு சட்டம் இருந்தது. எஸ்டேட்டை முன்பு நடத்திய துரை போட்டது. லோடு ஏற்றிய வண்டி நிற்கும், காலி வண்டி பின்னால் போகும். துரையே வந்தாலும் சரி.

எனக்கு அந்தச் சட்டம் சாமி மாதிரி. காலியாகப் போகும்போதெல்லாம் பழைய கொழுந்துக் கூடைகளை லோரி முழுக்க அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு, இறுக்கிக் கட்டிவிடுவேன். பார்க்கிறவர்களுக்கு முழு லோடு. மூன்று மாதத்தில் கோலா தெர்லா காய்கறி லோரிக்காரர்கூட எனக்காக ஒருமுறை பின்னால் போயிருக்கிறார். பாவம், பெரிய மனுஷன்.

பெல்ட்டை வாங்கிக் கூடைகளுக்கு அடியில் போட்டேன். மலையேறினேன். எஸ்டேட் ரோட்டில் மூன்றாவது வளைவு திரும்பினால், எதிரே ஜீப்!

ஜீப்பில் இப்போதைய துரை. பக்கத்தில் கிராணி.

துரைக்குத் தமிழ் வரும். ஆனால் எந்த மொழியிலும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். தலையை வெளியே நீட்டினார்.

"என்ன லோடு?"

"முழு லோடுங்க துரை!" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. மூன்று மாதப் பழக்கம்.

கிராணி என்னைப் பார்த்தார். தார்ப்பாயைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். துரையோ ஜீப்பைப் பின்னால் எடுக்கத் தொடங்கிவிட்டார்.

என் வாழ்க்கையிலேயே பெருமையான நிமிஷம் அது. துரை பின்னால் போகப் போக, நான் முன்னால் போகிறேன்! மேட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பன்னிரண்டு பெண்களும் கையை நிறுத்திவிட்டார்கள்.

"அடியே, அங்க பாருங்கடி! நம்ம மணியம் துரைய வெரட்டிக்கிட்டுப் போறான்!" இது காமாட்சி அக்கா. அவர் குரல் அடுத்த ஊர் பிரிஞ்சாங் வரை கேட்கும்.

துரை அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு விநாடியில் ஜீப்பின் பின்சக்கரம் மேட்டோர லோங்காங் கால்வாயில் இறங்கியது. மழைத்தண்ணீர் சளாரென்று மேலே அடித்தது. கிராணியின் வெள்ளைச் சட்டை செம்மண் நிறமானது.

நான் ஓடினேன்.

"கயிறு இருக்கா?" என்றார் துரை.

இருந்தது. ஜீப்பின் மூக்கில் ஒரு முனை, என் லோரியின் மூக்கில் ஒரு முனை. கட்டி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மூக்கோடு மூக்கு நிற்கிற ஜீப்பை இழுக்க வேண்டுமென்றால், லோரி எந்தப் பக்கம் போக வேண்டும்?

"கோஸ்தான் போடு," என்றார் துரை.

நான் தார்ப்பாயைத் தட்டிக் காட்டினேன்.

"துரை... இறக்கமுங்க. இவ்ளோ பாரத்தோட கோஸ்தான் போட்டா பிரேக்கு நிக்காதுங்க."

நல்ல பதில் என்றுதான் நினைத்தேன். துரை நியாயமான மனிதர். யோசித்தார். மேட்டைப் பார்த்துக் கையசைத்தார்.

"லோடை இறக்குங்க!"

பன்னிரண்டு பெண்களும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி வந்தார்கள். காமாட்சி அக்கா லோரியில் ஏறினார். தார்ப்பாயை அவிழ்த்தார். பாரமாக இருக்கும் என்று மூச்சைப் பிடித்து, முதல் கூடையைத் தூக்கினார். கூடை அவர் தலைக்கு மேல் பறந்து பள்ளத்தில் விழுந்தது.

இன்னொரு கூடை. அதுவும் காலி. இன்னொன்று. கடைசியில் பெல்ட்டை மட்டும் செத்த பாம்பு மாதிரி தூக்கிப் பிடித்தார்.

"ஏன் தம்பி, தானா ராத்தாவுல காத்து மலிவா கெடைக்குதா?"

சிரிப்பு மலையில் மோதித் திரும்பி வந்தது. துரை மட்டும் சிரிக்கவில்லை.

"ஏன் இப்படி?"

"கோஸ்தான் வராதுங்க துரை," என்றேன். சொல்லும்போதே மச்சான் வீட்டு அடுப்படி கண்ணில் தெரிந்தது. இனி ஆயுசுக்கும் அதுதான் என் கால்மாடு.

கிராணி கண்ணை மூடிக்கொண்டார்.

"அதை அப்புறம் பேசலாம். மொதல்ல ஜீப்ப தூக்குங்கடி!" என்றார் காமாட்சி அக்கா. பெண்கள் பின்னால் பிடித்தார்கள். நானும் கிராணியும் பிடித்தோம். ஒரே தம். ஜீப் ரோட்டுக்கு வந்துவிட்டது! கயிறே வேண்டியிருக்கவில்லை. எனக்குத்தான் தேவையில்லாமல் உண்மையைச் சொல்லிவிட்டோமே என்று வருத்தம்.

ஆனால் ஜீப்பும் லோரியும் இன்னும் மூக்கோடு மூக்குதான். துரை ஏறி உட்கார்ந்தார். என் பக்கம் விரலை நீட்டி, கீழே வளைவைக் காட்டினார்.

"காலி லோரி."

சட்டப்படி நான்தான் போக வேண்டும். ஏறினேன். கியரைப் பின்னால் தள்ளினேன். கண்ணாடியைப் பார்த்தேன். அதே ஆகாயம். கூடவே கொஞ்சம் மூடுபனி.

அப்போது லோரி குலுங்கியது. தடதடவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால், பன்னிரண்டு பெண்களும் கொழுந்து நிறைந்த கூடைகளோடு பின்னால் ஏறிக்கொண்டிருந்தார்கள். நிறுக்கிற நேரம். எப்படியும் ஃபேக்டரிக்கு நடந்து போகவேண்டியவர்கள்.

காமாட்சி அக்கா என் தலைக்கு மேல் தகரத்தில் ஓங்கித் தட்டினார்.

"துரை! கொழுந்து ஏறிடுச்சி! இப்ப லோடு!"

துரை லோரியில் ஏறிய கூடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கிராணி, இது எதிலும் சம்பந்தமில்லாதவர் போல, சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"சட்டம் சட்டம்தான்," என்று சொல்லிவிட்டு, துரை மறுபடி ஜீப்பைப் பின்னால் எடுத்தார். இந்தமுறை யார் பக்கமும் திரும்பவில்லை.

பெல்ட் மூன்று மணிக்கே ஃபேக்டரிக்குப் போய்விட்டது. கொழுந்து பிழைத்தது. நான் பிழைப்பேனா என்று சனிக்கிழமை வரை தெரியவில்லை.

சனிக்கிழமை கிராணி கூப்பிட்டார். கடிதத்தையும் ஒரு சாவியையும் நீட்டினார்.

"நெரந்தரம் பண்ணிட்டாரு. ஒனக்காகத் துரை வாயத் தொறந்து நாலு வார்த்தை பேசினாரு, தெரியுமா?"

"என்ன சொன்னாருங்க?"

"'கடைசி வீட்டை அவனுக்குக் கொடு.'"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சரோஜாவைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். லயத்தின் கடைசி வீடு. அதோடு ரோடு முடிகிறது. லோரியைத் திருப்ப இடமே கிடையாது. இரவில் லோரி, டிரைவர் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. தினமும் காலையில் நூறு அடி கோஸ்தான். பக்கத்து வீடு காமாட்சி அக்காவுடையது.

இப்போது எனக்குக் கோஸ்தான் நன்றாக வரும். அக்காதான் கோழி வளர்ப்பதை விட்டுவிட்டார்.