செவலையும் சைக்கிள் சீட்டும்

சாரல் முடிவதற்குள் செவலைப் பசுவை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவது என்று குத்தாலிங்கம் பிள்ளை முடிவு கட்டினார். கட்டுவது அவர் வேலை. அவிழ்ப்பது அவர் மனைவி குழல்வாய்மொழியின் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

பிள்ளை சைக்கிள் ஓட்டிப் பிழைப்பவர். தென்காசியில் சைக்கிள் கடை வைத்திருந்த மசூது சாயபு சம்பளம் கொடுத்து அவரைப் பந்தயங்களுக்கு அனுப்பினார். போன சீசனில் குற்றாலத்து அருவிக்கரையில் ஒரு சாமியார், பால் கன்றுக்குட்டியின் சொத்து, குடிக்கிறவன் திருடன் என்று சொல்லப்போக, அது பிள்ளையின் நெஞ்சில் தைத்துவிட்டது. கறி மீனை விடலாமென்றால் அது அந்த வீட்டுப் படியேறினதே கிடையாது. மிச்சமிருந்தது பால், மோர், நெய். விட்டார். அடுத்த பந்தயத்தில் ஜெயித்தும் தொலைத்தார். சாயபு உடனே 'பால் தொடாத வீரர்' என்று நோட்டீசு அடித்து ஊரெல்லாம் ஒட்டிவிட்டார்.

பால் தொடாத வீரர் வீட்டு வாசலில் கறவைப் பசு நின்றால் ஊர் சிரிக்காதா? அதிலும் வெள்ளிக்கிழமை, கொழும்பிலிருந்து சுந்தரபாண்டி என்ற பந்தய ஏஜெண்டு வருகிறார். அன்றைய பந்தயத்தில் பிள்ளை ஓட்டுவதைப் பார்த்து, பிடித்துப்போனால் ஆறு மாசம் இலங்கை முழுக்கக் கூட்டிப் போவார். பிள்ளை வாலிபத்திலிருந்து கண்ட கனவு அது.

செவலையோ, குழல்வாய்மொழி வாசுதேவநல்லூர்ப் பிறந்த வீட்டிலிருந்து கன்றாக ஓட்டி வந்தது. அதன் தாய் அங்கே செத்தபோது அவள் சோறு இறங்காமல் கிடந்தாள். பிள்ளையும் வருத்தப்பட்டார். அப்போது விரதம் ஏதுமில்லை. வருத்தத்தோடு வருத்தமாக அதன் தோலில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, கிழிந்துகிடந்த சைக்கிள் சீட்டுக்குத் தைத்துக்கொண்டார்.

"ஏட்டி, செவலைய வித்துருவோம்" என்றார்.

"யாருக்கு?"

"வாங்குதவனுக்கு."

"வாங்குதவன் கறக்க மாட்டானா?"

பிள்ளை யோசித்தார். "கறக்காதவனாப் பாத்து விக்கணும்."

"கறக்காம மாடு வாங்குதவன் ஒருத்தன்தான். அவன் கத்தியோட வருவான்" என்றாள்.

அதற்குமேல் பேச்சு வளரவில்லை. பிள்ளை சூழ்ச்சியில் இறங்கினார். மாட்டுத் தரகர் சுடலையாண்டியிடம் ரகசியமாகச் சொல்லிவைத்தார். வெள்ளிக்கிழமை காலையில், அருவியில் தண்ணி நல்லா விழுதாம், வண்டி பிடித்துப் போய்க் குளித்துவிட்டு வா என்று மனைவியிடம் தாமாகவே சொன்னார். இத்தனை வருஷத்தில் அப்படிச் சொன்ன மனுஷன் இல்லை. அவள் ஒரு பார்வை பார்த்தாள், சரி என்றாள். பிள்ளை நிம்மதியாக ஸ்டேஷனுக்கு நடந்தார்.

சுந்தரபாண்டியோடு திரும்பி வந்தால், செவலை வாசலில் நின்று அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. குழல்வாய்மொழி தலைமுடியில் பொட்டு ஈரமில்லை. சைக்கிளில்தான் சீட்டைக் காணோம். வெறுங்குழாய் நட்டுக்கொண்டு நின்றது.

மனைவியை அடுக்களைக்குள் கூட்டிப் போனார். "சீட்டு எங்கட்டி?"

"சுடலையாண்டி வந்தான். பசுவைக் குடுங்கன்னான். குடுத்தேன்."

"செவலை நிக்குதே?"

"தாய் இருக்கையில மகளையா மொதல்ல அனுப்புவாக? அந்தச் சீட்டும் எங்க வீட்டுப் பசுதான். எங்க தோப்புல அதைப் பொதைச்ச எடத்துலயே கொண்டு பொதைக்கச் சொல்லிட்டேன். நீங்க அது மேல உக்காந்து போம்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பால் பாவம்னு தெரிஞ்சவருக்கு இது தெரியலியா?"

பிள்ளைக்கு வெட்கமாக இருந்தது. கடையில் வேறு சீட்டு மாட்டலாமென்றால் அதுவும் தோல்; இதைக் கேட்ட பிறகு மனசு வரவில்லை.

தென்காசியிலிருந்து குற்றாலம் போய்த் திரும்பும்வரை பிள்ளை நின்றுகொண்டே மிதித்தார். தொடை கழன்று விழும்போலிருந்தது. அன்றைக்கு இரண்டாவதாகத்தான் வந்தார். ஆனால் சுந்தரபாண்டி முதலில் வந்தவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் இலைமுன் உட்கார்ந்து, சீட்டில்லாமல் ஓட்டுவானேன் என்று விசாரித்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து குழல்வாய்மொழி சொன்னாள்: "அவுக தோலும் தொட மாட்டாக. வாசல்ல நிக்குதே, அந்த ஜீவனுக்காகத்தான்."

சுந்தரபாண்டி எழுந்து போய்ச் செவலையையே கும்பிட்டார். ஒப்பந்தம் அந்த இடத்திலேயே முடிந்தது. ஆறு மாசம், இலங்கையில் ஊர் ஊராக, சீட்டில்லாத சைக்கிளில். சாயபு 'உட்காராத வீரர்' என்று புது நோட்டீசு அடித்தார்.

புறப்படுகிற அன்று ரயிலில் கூட்டமான கூட்டம். பிள்ளை வீங்கின காலோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குழல்வாய்மொழி ஜன்னல் வழியாகப் புளியோதரைப் பொட்டலத்தை நீட்டினாள். செவலையை நான் பார்த்துக்கொள்கிறேன், கவலை வேண்டாம் என்றாள். வண்டி நகர்ந்தபோது அவள் கண் கலங்கித்தான் இருந்தது.

"போய்ட்டு வாங்க. உக்காரணும்னு தோணுச்சுன்னா, வீடு இருக்கு."