சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கிட்டார்

கம்பி மறுபடியும் கரகரத்தது. "சே!" என்று சொல்லி, கிட்டாரின் வயிற்றில் உள்ளங்கையால் ஓர் அடி வைத்தார் கால்புள்ளியார்.

சற்று நேரத்தில் பின்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அதே கரகரப்பு வந்தது. தொடர்ந்து தொப்பென்று ஓர் அடி. பிறகு, சந்தேகத்துக்கே இடமில்லாமல், ஓர் ஆண்குரல்: "சே!"

கால்புள்ளியாருக்குக் காதுமடல் சூடேறியது.

"கேட்டியா? கேட்டியா?" என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினார்.

"எதைக் கேட்க? மாசக்கணக்கா அந்த ஒரே பாட்டைத்தானே கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள் மனைவி.

"என்னைச் சொல்லலை. சுவர்! சுவர் என்னைக் கிண்டல் பண்ணுது!"

வெங்காயம் நறுக்கிய கத்தியோடு அவள் எட்டிப் பார்த்தாள். "சுவருக்கு வேற பொழைப்பு இல்லையா?"

கால்புள்ளியாருக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் ஒரு மருந்து விளம்பரத்தில் விட்டுப்போன கால்புள்ளிக்காக முதலாளியோடு ஒரு பகல் முழுக்கச் சண்டை போட்டதிலிருந்து அச்சகத்தில் அவருக்கு இதுதான் பெயர். அது எப்படியோ வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. ஊரார் பிழையெல்லாம் அவர் கண்ணில் மணலாக உறுத்தும். தன் பிழையை யாராவது சுட்டிக் காட்டினால் மட்டும் உடம்பெல்லாம் பற்றி எரியும்.

கிட்டார் பழகுவதிலும் அப்படித்தான். பாடப் புத்தகம் ஒன்று வாங்கினார். 'கடினமான இடத்தை மட்டும் தனியாக எடுத்து, மெதுவாகப் பலமுறை வாசிக்கவும்' என்று அதில் போட்டிருந்தது. அவர் புத்தகத்திலிருந்த எழுத்துப் பிழைகளையெல்லாம் சிவப்பு மையில் சுழித்தார், 'இவனெல்லாம் எனக்குச் சொல்ல வந்துட்டான்' என்று மூடி வைத்துவிட்டார். தினமும் அந்த ஒரே பாட்டைத் தலையிலிருந்து ஆரம்பிப்பார். நடுவில், ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கவைத்து அழுத்த வேண்டிய இடம் ஒன்று வரும். ஒரே மேட்டில் நின்றுபோகும் பழைய பஸ்ஸைப் போல அங்கே வந்து நிற்பார். ஒரு "சே!", ஓர் அடி, மறுபடியும் தலையிலிருந்து.

"அந்த இடத்துல பாட்டு மேலே ஏறும்ல? நீங்க ஏன் கீழே இறங்குறீங்க?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள்.

"தப்பு கண்டுபிடிக்கிறது என் தொழில். நீ வெங்காயத்தைப் பாரு."

"நான் வெங்காயத்துக்கு மட்டும்தான் அழறேன்னு நெனச்சீங்களா?"

அந்த அவமானத்தையாவது வீட்டோடு போயிற்று என்று பொறுத்துக்கொள்ளலாம். சுவர் செய்வதைப் பொறுக்க முடியுமா? அவர் ஒரு வரி வாசித்தால் சுவர் ஒரு வரி வாசித்தது. அவர் இருமினால் அங்கேயும் இருமல்.

"என் வேகத்துக்கு வரட்டும் பார்க்கலாம்" என்று பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் வாசித்தார். வழக்கமான இடம் போக, புதிதாக மூன்று இடங்களில் தடுக்கி விழுந்தார். அந்தப் பக்கமும் இரண்டு மடங்கு வேகம் எடுத்து, புதிதாக அதே மூன்று இடங்களில் தடுக்கி விழுந்தது.

நேரத்தை மாற்றினால் என்ன? காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் உட்கார்ந்தார். முதல் நாள் சுவர் கப்சிப். கால்புள்ளியார் மீசையைத் தடவிக்கொண்டார். மறுநாள் காலை அவர் கிட்டாரை எடுப்பதற்குள் அந்தப் பக்கம் கம்பி முறுக்கிச் சுருதி பார்க்கும் சத்தம் கேட்டது. ஆள் தயாராகக் காத்துக்கொண்டிருக்கிறான்!

அந்த எரிச்சலோடு அச்சகம் போனதில்தான் அந்த அனர்த்தம் நடந்தது. கண் மருத்துவர் ஒருவரின் துண்டுப் பிரசுரத்தில் 'இலவசப் பார்வைப் பரிசோதனை' என்று இருக்க வேண்டும். 'இலவசப் போர்வை' என்று அச்சாகி, ஊரெங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

"டாக்டர் வாசல்ல ஜனம் போர்வைக்கு அடிச்சுக்குதாம்! ரெட்டைக் கட்டிலுக்குக் கிடைக்குமான்னு கேக்குறாங்களாம்!" என்று முதலாளி மேசையைத் தட்டினார். "உம்ம கண்ணு எங்கய்யா போச்சு?"

"கண்ணு இங்கதான் இருந்தது சார். காதுதான் வீட்டுல இருந்தது."

"நாளையிலேருந்து ரெண்டையும் சேர்த்துக் கொண்டு வாரும். இல்லேன்னா ரெண்டையும் வீட்டுலயே வெச்சுக்கும்."

இத்தனை வருஷத்தில் அவர் கையைத் தாண்டிப் போன முதல் பிழை. அதற்குக் காரணம் யார்? சுவருக்குப் பின்னால் இருக்கும் அந்தப் போக்கிரி. அவன் வயிறு எரிய வேண்டாமா?

அன்று மாலை பொறி வைத்தார். பாட்டே வாசிக்கவில்லை. சமையலறையிலிருந்து எவர்சில்வர் கரண்டியை எடுத்துவந்து, கம்பிகளின் மேல் டணங் டணங் என்று அர்த்தமில்லாமல் அடித்தார். "இதை வாசிடா பார்க்கலாம்!"

சுவருக்கு அந்தப் பக்கம் கிட்டாரைக் கீழே வைக்கும் ஓசை. பிறகு பாத்திரங்கள் உருளும் சத்தம்.

"கரண்டி தேடுறான்!" என்றார் கால்புள்ளியார்.

டணங் டணங் என்று வந்தது பதில். அவர் அடித்ததை விடத் துல்லியமாக.

"என் கரண்டியைக் குடுங்க" என்று மனைவி கையை நீட்டினாள். "குழம்புக்கும் உங்களுக்கும் ஒரே கரண்டி வேண்டாம்."

இனி நேரில் பார்த்துவிடுவதுதான் வழி. ஆனால் பின்வீட்டுக்கு வாசல் அடுத்த தெருவில். இரண்டு தெரு வீடுகளும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பவை. முனையிலிருந்து தன் வீடு எத்தனையாவது என்று எண்ணிக்கொண்டு போய், அடுத்த தெருவிலும் அத்தனை வாசல்களை எண்ணி, அழைப்பு மணியை அழுத்தினார். அங்கே ஒவ்வொரு வீடும் அகலம் குறைவு என்பதை மறந்துவிட்டார்.

முகம் முழுக்கச் சவர நுரையோடு ஓர் ஆஜானுபாகு கதவைத் திறந்தார்.

"வெட்கமா இல்லை?" என்றார் கால்புள்ளியார்.

"எங்க வீட்டுல நான் சவரம் பண்ண வெட்கப்படணுமா?"

"நடிக்காதீங்க. நான் வாசிச்சா வாசிக்கிறது, நான் சேன்னா சேங்கிறது. கரண்டி எங்கே? வெளியே எடுங்க கரண்டியை!"

அந்த மனிதர் கரண்டியை எடுக்கவில்லை. நாயை அவிழ்த்தார்.

வீடு திரும்பியபோது கால்புள்ளியாருக்கு இடது செருப்பு இல்லை. மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் கொடுத்தாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நீங்க தப்பு தப்பா வாசிக்கிறதாலதானே அவன் கிண்டல் பண்றான்? ஒரு மாஸ்டர்கிட்ட முறையாக் கத்துக்கிட்டா, அவன் வாய் தானா மூடிக்கும். அதே தெருவுலதான் யாரோ வகுப்பு எடுக்கிறாங்களாம். காய்கறிக்காரம்மா சொன்னாங்க."

"தப்பு தப்பா வாசிக்கிறேனா? நானா?"

"சரி, சரி. ரொம்ப சரியா வாசிக்கக் கத்துக்கிட்டு வாங்க."

இரண்டு நாள் முறைப்பாக இருந்துவிட்டு, மூன்றாம் நாள் மாலை கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். நாய் வீட்டுக்கு எதிர்ச்சாரியிலேயே பம்மிப் பம்மி நடந்தார். அதைத் தாண்டிச் சில வீடுகள் தள்ளி, 'கிட்டார் கற்றுத் தரப்படும்' என்று ஒரு பலகை. 'த்' விடுபடாமல் இருந்தது. பார்த்ததுமே அந்த மாஸ்டர் மேல் ஒரு மரியாதை பிறந்துவிட்டது.

உள்ளே, நீளமான அறையில், நடுத்தர வயதுக்காரர்கள் பத்துப் பேர் கிட்டாரும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் ஒல்லியாக, சாந்தமான முகத்தோடு எழுந்துவந்து கை குலுக்கினார்.

"வாங்க சார். இதுக்கு முன்னாடி வாசிச்சிருக்கீங்களா?"

"வாசிக்க விட்டாத்தானே மாஸ்டர்!" கால்புள்ளியாருக்கு அடக்கி வைத்திருந்தது பொங்கியது. "உங்க தெருவுல ஒரு போக்கிரி இருக்கான். நான் சிரமப்பட்டு வாசிக்கிறதை அப்படியே வாசிச்சுக் கேலி பண்றான். எங்கே இருக்கான்னுதான் தெரியலை."

மாஸ்டர் பதறிவிட்டார். "வித்தையைக் கேலி பண்றதா! அவனெல்லாம் உருப்படுவானா சார்? ஆள் தெரிஞ்சா சொல்லுங்க, நானே வந்து நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்குறேன்."

கால்புள்ளியாருக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது. உலகத்தில் நியாயம் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கழுத்தில் அளவு நாடா தொங்க உட்கார்ந்திருந்த ஒரு தையற்காரம்மா நகர்ந்து இடம் கொடுத்தார்.

"இன்னைக்கு நீங்க கேளுங்க, போதும்" என்ற மாஸ்டர் மற்றவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். "நம்ம பாட்டு. ஆரம்பிங்க."

ஆரம்பித்தார்கள். கால்புள்ளியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய பாட்டேதான்! வரி வரியாக வந்து, அந்த மேட்டை நெருங்கியது. மேலே ஏறப்போகிறதா, கீழே இறங்கப்போகிறதா? மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

இறங்கியது! பத்துக் கிட்டாரும் ஒன்றாகக் கீழே இறங்கின!

'இறங்குதா இல்லையா? வந்து கேளுடி வெங்காயக்காரி!' என்று மனசுக்குள் கூவினார். ஒரு மாஸ்டரே சொல்லித்தருகிறார், பத்துப் பேர் வாசிக்கிறார்கள், இனி யாராவது வாயைத் திறக்கட்டும். கண்ணோரம் ஈரம்கூடக் கட்டிவிட்டது.

அப்போது கம்பிகள் கரகரத்தன. பத்துக் கிட்டாரின் கம்பிகளும், ஒரே நேரத்தில். பத்து உள்ளங்கைகள் பத்துக் கிட்டாரின் வயிற்றில் தொப்பென்று விழுந்தன. பத்துத் தொண்டைகளும் ஒரே குரலில் முழங்கின:

"சே!"

உடனே பாட்டு மறுபடியும் தலையிலிருந்து ஆரம்பித்தது.

கால்புள்ளியாருக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை ஜிவ்வென்று ஏறியது. ஒருத்தன் இல்லை! ஒரு பட்டாளத்தையே திரட்டிப் பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறான்! ஆள் சேர்த்துக் கிண்டல் பண்ணுகிறான், அதற்கு வாசலில் பலகை வேறு! விருட்டென்று எழுந்தார்.

"நிறுத்துங்கய்யா! எத்தனை நாளா நடக்குது இந்தக் கூத்து? ஒரு மனுஷனை இப்படியா ஊரைக் கூட்டி அவமானப்படுத்துவீங்க? இந்தச் சேயும் அடியும் யாரோடதுன்னு எனக்குத் தெரியாதா?"

மாஸ்டர் காதில் எதுவும் விழவில்லை. தன் கிட்டாரையும் கையில் எடுத்து, கண்ணை மூடி, ஆள்காட்டி விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே படுக்கவைத்து, அடுத்த கரகரப்புக்குப் பக்தியோடு தயாராகிக்கொண்டிருந்தார்.

தையற்காரம்மா கால்புள்ளியாரின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"மெதுவா சார்! இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய வித்துவான் இருக்கார், அவர் வாசிக்க வாசிக்கக் கேட்டுத்தான் மாஸ்டரே கத்துக்கிட்டார். இன்னைக்கு ஏனோ அவர் இன்னும் ஆரம்பிக்கலை, அதான் எங்களுக்குப் புதுப் பாடம் இல்லை."