கீத் கட்டிக்கொண்டு அழுத சுவர்

அன்புத் தங்கை டொலினாவுக்கு, ஸ்கை தீவிலிருந்து அக்கா பெகி எழுதுவது. இங்கே நானும் செம்மறிகளும் மழையும் சுகம். அங்கே கனடாவில் நீயும் பனியும் சுகமென்று நம்புகிறேன்.

உன் மகன் கீத் வந்து, மூன்று நாள் இருந்து, கிளம்பிப் போனான். ஸ்காட்லாந்துக்காரி எப்படி இருக்க வேண்டும் என்று எண்பத்திரண்டு வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தான், அவனுக்குக் கோடிப் புண்ணியம். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கட்டம் போட்ட கில்ட் பாவாடை, காலுறையில் கத்தி. யாருக்குக் கல்யாணம் என்று ஊரே கேட்டது. கொசுவிலும் சின்னதான நம் பூச்சிகள் அவன் முழங்காலைக் கண்டதும் சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிவந்தன. ஆசையாய்க் கோழிக் குழம்பு வைத்தால், "என்ன பெரியம்மா, ஹாகிஸ் இல்லியா? நம்ம சாப்பாட்டையே மறந்துட்டீங்களே" என்கிறான். என் பேத்தி ஷோனா கிளாஸ்கோவில் சரித்திரத்தில் முதல் வகுப்பு வாங்கியவள் (போன நாலு கடிதத்திலும் எழுதியிருந்தேன்). அவள், "சித்தப்பா, இந்தக் கட்டம் நம்ம குலத்துதுன்னு சொன்னதே ஒரு துணிக்கடைக்காரருதான், அதுவும் நேத்து முந்தாநேத்து" என்றாள். "ஊர்லயே கெடக்கீங்கல்ல, அதான் உங்களுக்கெல்லாம் உணர்ச்சியே இல்ல" என்றான். நான் ஐந்தாவதோடு நின்றவள். உணர்ச்சியை ஆறாவதில் சொல்லிக்கொடுப்பார்கள் போலிருக்கிறது.

மறுநாள்தான் வந்த காரியத்தைச் சொன்னான். ஆடு மேய்க்க இடம் வேண்டுமென்று பிரபு கூரையைக் கொளுத்தி நம் பாட்டனுக்குப் பாட்டனை விரட்டினாரே, அந்த வீட்டுக் கல் ஒன்றை உங்கள் ஊர் ஸ்காட்லாந்துச் சங்கத்துச் சுவரில் பதிக்க வேண்டுமாம். "அடுப்புக் கல்லா இருந்தா ரொம்ப விசேஷம் பெரியம்மா." நான் மேட்டுச் சுவரைக் கைகாட்டினேன். கட்டிக்கொண்டு அழுதான். பேக்பைப் வாத்தியத்தை ஊதினான், மிரண்டு ஓடிய ஆடுகள் இரண்டு நாள் திரும்பவில்லை. ஆடுகளை உண்ணி மருந்தில் முக்க என் வீட்டுக்காரர் எழுபத்தெட்டாம் வருஷம் கட்டிய தொட்டியின் சுவர் அது. சிமெண்டைத் தடவி, "அந்தக் காலத்துலயே எவ்ளோ கெட்டியா பூசியிருக்காங்க" என்றான். ஷோனா சிரிப்பை அடக்க முடியாமல் அப்பால் ஓடிவிட்டாள். ஒரு கல்லைப் பெயர்த்துச் சட்டையில் சுற்றிக்கொண்டு புறப்பட்டான். ஒரு கல்லுக்கு இத்தனை கண்ணீரா? இங்கே அதற்கெல்லாம் யாருக்கு நேரம், சொல்லு.

உன் பிள்ளைகுட்டிகள் கால் நனையாமல், மூட்டு வலிக்காமல் நீடூழி வாழட்டும்.

அன்புடன்,
பெகி

பி.கு.: அந்தப் பாட்டனுக்குப் பாட்டனின் பெண்சாதி, கூரையைக் கொளுத்திய அன்றைக்கு முதுகில் கட்டிச் சுமந்துவந்த அசல் அடுப்புக் கல் என் சமையலறையில்தான் இருக்கிறது. உனக்கும் தெரியும், நீயும் அவனிடம் சொல்லவில்லை. மூன்று நாளும் அதன்மேல்தான் காலுறை காயவைத்தான். அவன் பஸ் ஏறியதும் அதில் உட்கார்ந்தேன், எழுந்தபோது குழம்பு கருகிப்போயிருந்தது. கீத்திடம் மூச்சு விடாதே. எனக்கு உணர்ச்சி இல்லை என்றே இருக்கட்டும்.